யாருடைய கதவு?

அம்மாவின் அறுபத்தெட்டாவது பிறந்தநாளுக்கு அவரை ஜார்ஜ் டவுனில் ஒரு கஃபேவுக்கு அழைத்துப் போயிருந்தேன். பழைய கடைவீடு ஒன்றைப் புதுப்பித்து நடத்துகிறார்கள். சுவரில் பாதிக்குச் சாந்தை உரித்துச் செங்கல் தெரியும்படி விட்டிருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்த மேசை ஒரு பழைய கதவு. இரட்டைக் கதவில் ஒரு பலகை. கீழே நாலு இரும்புக் கால், மேலே எண்ணெய்ப் பூச்சு. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் திருகாணி கழற்றிய நான்கு ஓட்டைகள் அப்படியே இருந்தன.

அம்மா கோப்பையை மேசையில் வைக்கவே இல்லை. சாசரோடு கையிலேயே பிடித்துக்கொண்டு குடித்தார்.

"என்னம்மா, பிடிக்கலையா?"

"அதெல்லாம் இல்ல. கதவு மேல எப்படிடா சாப்பாடு வைக்கிறது?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்து பலகையின் ஓரத்தை விரலால் தடவினார். "இங்க பாரு, மஞ்சள் பூசின கறை. தமிழாளுங்க வீட்டுக் கதவுதான்."

"நம்ம வீட்டுக் கதவா?"

"நம்மளது பச்சைப் பெயிண்டு. இது யாரு வீட்டுதோ."

பணம் கட்டும்போது கடை முதலாளியிடம் அந்தக் கதவு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பழைய சாமான் விற்பவரிடம் வாங்கியது, அதற்கு முன்னால் தெரியாது என்றார். நல்ல மனிதர். என் கேள்வியில் ஏதோ குற்றச்சாட்டு இருப்பதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். "நாங்கள் வாங்கவில்லை என்றால் அது விறகாகப் போயிருக்கும்" என்றார்.

அந்தப் பதிலை என்னால் சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை. அது உண்மையும்கூட. ஆனால் அம்மா கோப்பையைக் கையிலேயே வைத்திருந்ததும் ஒரு பதில்தான். இரண்டில் எது சரி என்று யோசித்ததன் விளைவு இந்தக் கட்டுரை.

*

முதலில் என் பழைய நினைப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீடு என்பது ஓரிடத்தில் முளைத்து எழுந்த முழுப்பொருள், அதைத் துண்டு துண்டாகக் கழற்றுவது கிட்டத்தட்டக் கொலை என்றுதான் நினைத்திருந்தேன். ஜார்ஜ் டவுனின் வரலாறு அந்த நினைப்புக்கு இடம் கொடுப்பதில்லை.

லெபோ கெரேஜாவில் இருக்கும் பினாங்கு பெரானாக்கான் மாளிகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1890களில் காப்பித்தான் சுங் கெங் குவீ கட்டியது. உள்ளே இருக்கும் செதுக்கு மரவேலைகள் சீன வேலைப்பாடு. தரையில் பதித்த ஓடுகள் இங்கிலாந்திலிருந்து வந்தவை. முற்றத்தைச் சுற்றியிருக்கும் இரும்புத் தூண்களும் கிராதிகளும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வால்டர் மெக்ஃபார்லேன் கம்பெனி வார்த்தவை. 1850இல் தொடங்கிய அந்த வார்ப்பட ஆலை தன் சாமான்களை விலைப்பட்டியல் புத்தகத்தின் வழியாக விற்றது. தூண், தூணின் தலைப்பு, கைப்பிடிச் சுவர், தெருவிளக்கு, குடிநீர்த் தொட்டி, பூங்காவில் பாண்டு வாசிப்பதற்கான மண்டபம் என்று ஒவ்வொன்றுக்கும் படமும் எண்ணும் இருக்கும். எண்ணைக் குறித்து எழுதிப் போட்டால் சாமான் கப்பலேறி வரும். பினாங்கு வணிகர் ஒருவர் தன் முற்றத்துக்குத் தேர்ந்தெடுத்த அதே தூணை உலகத்தின் இன்னொரு மூலையில் ஒரு நகராட்சிக்காரர் தன் ஊர்ப் பூங்காவுக்குத் தேர்ந்தெடுத்திருக்கலாம்.

சிங்கப்பூரின் தெலோக் ஆயர் சந்தை, இன்று நாம் லாவ் பா சாட் என்று சொல்வது, 1894இல் இதே கம்பெனியின் இரும்பில் எழுந்தது. 1986இல் கீழே எம்ஆர்டி சுரங்கம் தோண்ட வேண்டியிருந்ததால் அந்த இரும்பையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் அதே இடத்தில் மறுபடி பூட்டினார்கள். மும்பையின் வாட்சன் ஹோட்டல் 1860களில் இங்கிலாந்தில் வார்த்த இரும்புச் சட்டகத்தைக் கப்பலில் கொண்டுவந்து நிறுத்தியது. அமெரிக்காவில் சியர்ஸ் கம்பெனி 1908 முதல் 1940 வரை முழு வீட்டையே தபால் வழியாக விற்றது. வெட்டிய மரம், ஆணி, பெயிண்டு, கட்டும் முறையைச் சொல்லும் புத்தகம் எல்லாம் ரயில் பெட்டியில் வந்து சேரும். 70,000க்கும் மேற்பட்ட வீடுகள் அப்படி விற்றன. நம்ம ஐக்கியா அலமாரி மாதிரி, ஆனால் உள்ளே குடும்பமே குடியிருக்கலாம்.

இது வெள்ளைக்காரர் கொண்டுவந்த பழக்கம் என்று நினைக்க வேண்டாம். பழைய மலாய் மர வீடு ஆணியே இல்லாமல் துளையும் முளையுமாகப் பொருத்திக் கட்டப்படுவது. சின்ன வீடு என்றால் ஊர் கூடித் தோளில் தூக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் வைத்துவிடும். பெரிய வீடு என்றால் கழற்றிக் கொண்டு போகலாம். பினாங்குக்குப் பக்கத்திலேயே கெடாவின் பண்டார் பாரு வட்டாரத்தில் இருந்த பெங்ஹுலு அபு செமான் வீட்டை மலேசியப் பாரம்பரிய அறக்கட்டளையான படான் வாரிசான் 1990களில் கழற்றிக் கோலாலம்பூருக்குக் கொண்டுவந்தது. இன்றும் ஜாலான் ஸ்தோனோரில் அது நிற்கிறது.

அதனால் சாமான் இடம் மாறுவதில் தனியாக ஒரு பாவம் இல்லை. நம் ஊர் வீடுகள் ஆதியிலிருந்தே பல கரைகளிலிருந்து வந்த துண்டுகளின் கூட்டுதான். ஜான் ரஸ்கின் 1849இல் எழுதிய புத்தகத்தில் அச்சில் வார்த்த இரும்பு அலங்காரத்தைப் பொய் என்று திட்டுகிறார். மனிதக் கை செதுக்காததைச் செதுக்கியதுபோலக் காட்டுகிறதாம். ஆனால் நூற்று முப்பது வருடம் கழிந்தபின் அந்த 'பொய்'தான் இன்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் பாரம்பரியம். பட்டியலில் வெறும் எண்ணாக இருந்த ஒரு தூண் எப்படி உண்மையானதாக மாறியது? அதன் பக்கத்தில் யாரோ பிறந்தார்கள், யாரோ அதில் சாய்ந்து அழுதார்கள், யாரோ தினமும் துடைத்தார்கள். வாழ்க்கைதான் அதை மாற்றியது. வேறு எதுவும் காரணமாக இருக்க முடியாது.

இதை ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி தானாக வருகிறது. அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்களுக்கு அதில் என்ன பங்கு?

*

எங்கள் குடும்பம் சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைவீடு ஒன்றின் மாடியில் வாடகைக்கு இருந்தது. தாத்தா காலத்திலிருந்து. கீழே ஒரு அச்சகம், மேலே பலகைத் தடுப்பு வைத்து மூன்று குடும்பங்கள். அஞ்சடியில் நின்று பார்த்தால் எங்கள் ஜன்னலில் பாட்டியின் துளசித் தொட்டி தெரியும். வாடகை மிகக் குறைவு. காரணம் வீட்டுக்காரரின் தயவு அல்ல, சட்டம்.

போருக்குப் பிறகு வந்த வாடகைக் கட்டுப்பாடு, 1966ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைபெற்றது. 1948க்கு முன் கட்டிய கட்டடங்களில் வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றவும் குடியிருப்பவரைச் சுலபமாக வெளியேற்றவும் முடியாது. ஜார்ஜ் டவுனின் உள்நகரமே பெரும்பாலும் அந்தக் காலத்துக் கட்டடங்கள்தான். 1997இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை நீக்கியது. கொடுத்த அவகாசம் 1999 டிசம்பரோடு முடிந்தது. 2000 ஜனவரி ஒன்றாம் தேதி உலகம் புத்தாயிரத்தைக் கொண்டாடியபோது ஜார்ஜ் டவுனில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சாமான் கட்டிக்கொண்டிருந்தன. எதிர்ப்பு இல்லாமல் இல்லை. எஸ்ஓஎஸ் என்ற பெயரில் குடியிருப்பாளர்கள் ஒன்றுசேர்ந்து குரல் கொடுத்தார்கள். ஆனால் வாடகை பல மடங்கு ஏறியது. எங்களைப் போன்றவர்கள் ஆயர் ஈத்தாம் பக்கம் அடுக்குமாடிக்குப் போனோம்.

காலியான வீடுகளில் பல பூட்டிக் கிடந்தன. சிலவற்றில் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, ஒலிபெருக்கியில் பறவைச் சத்தம் போட்டு, கூட்டுக்காக உழவாரக் குருவிகளைக் குடிவைத்தார்கள். மனிதர்கள் கட்டியதைவிடக் குருவிகள் நல்ல வாடகை கட்டின. 2008 ஜூலை 7ஆம் தேதி யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதன்பின் குருவிகளும் வெளியேற வேண்டியதாயிற்று. வீடுகள் கை மாறின. புதுப்பித்தார்கள், அல்லது உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டு முகப்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள். எடுத்தவை சந்தைக்கு வந்தன. கதவு, ஜன்னல் பலகை, மாடிப்படி, தேக்கு உத்தரம், பூப்போட்ட தரையோடு. லோரோங் கூலிட் சந்தையில் காலையில் நடந்தால் இன்றைக்கும் ஒரு துணி விரிப்பின் மேல் பழைய பூட்டும் கீலும் கிடப்பதைப் பார்க்கலாம். பெரிய சாமான்கள் வேறு வழியாகப் போகும்.

ஒரு சங்கதியை இங்கே கவனிக்க வேண்டும். வீட்டில் இருந்த ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு விலை கிடைத்தது. விலையில்லாமல் வெளியே போனது மனிதர்கள் மட்டும்தான்.

*

உணர்ச்சியை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு எதிர்வாதத்தைப் பார்ப்போம். அது பலமானது.

வாடகைக்கு இருந்தவன் ஒரு கதவைத் திறந்து மூடிய காரணத்தால் அதில் அவனுக்கு உரிமை வந்துவிடுமா? நான் ஒரு சட்டையை வாடகைக்கு எடுத்து ஐம்பது வருடம் போட்டுத் தேய்த்தால், கடைக்காரர்தான் என்னிடம் நஷ்டஈடு கேட்க வேண்டும். நான் அவரிடம் பங்கு கேட்க முடியாது. அதுவும் சந்தை விலையில் ஒரு பகுதியை மட்டும் கொடுத்துக்கொண்டு இருந்துவிட்டு! வீட்டுக்காரர்கள் எல்லாரும் பணமுதலைகளும் அல்ல. பாட்டன் சொத்தைப் பத்துப் பேர் பங்கிட்டு, வரும் வாடகையில் கூரை ஓட்டைக்கூட மாற்ற முடியாமல் தவித்த குடும்பங்கள் எத்தனையோ உண்டு. ஐம்பது வருடம் அவர்கள்தான் இந்த நகரத்தின் ஏழைகளுக்கு மானியம் கொடுத்தார்கள். அரசாங்கம் கொடுக்க வேண்டியதை அவர்கள் தலையில் கட்டிவிட்டது. இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் சட்டை உதாரணம் ஓர் இடத்தில் உதைக்கிறது. தேய்ந்த சட்டைக்கு மதிப்புக் குறையும். தேய்ந்த கதவுக்கு மதிப்புக் கூடுகிறது.

ஆஸ்திரியக் கலை வரலாற்றாசிரியர் அலோய்ஸ் ரீகல் 1903இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். ஒரு நினைவுச்சின்னத்துக்கு வரலாற்று மதிப்பு, கலை மதிப்பு தவிர, 'வயதின் மதிப்பு' என்று தனியாக ஒன்று உண்டு என்றார். தேய்வும் கறையும் வெடிப்பும் பார்த்தவுடனே மனதைத் தொடும். அதற்குப் படிப்பு தேவையில்லை. அவர் பெரும்பாலும் இயற்கையின் வேலையை, மழையும் காற்றும் செய்வதைப் பற்றித்தான் பேசுகிறார். எங்கள் மேசையில் இருந்த தேய்வு மழை செய்ததல்ல. ஒரு பெண் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மஞ்சள் பூசியிருக்கிறாள். ஒரு குழந்தை ஒரே உயரத்தில் கை வைத்துத் தள்ளியிருக்கிறது. கஃபேவுக்கு வருபவர் எதைப் படம் எடுக்கிறாரோ, முதலாளி எதற்காகப் புது மேசையைவிட அதிகம் கொடுத்தாரோ, அது அந்தக் கைகள் செய்த வேலை.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. உள்நகரம் ஏன் 2008 வரை இடிபடாமல் இருந்தது? அக்கறையினால் மட்டும் அல்ல. பினாங்குப் பாரம்பரிய அறக்கட்டளை 1986இலேயே தொடங்கிவிட்டது, அவர்கள் உழைப்பு பெரியது. ஆனாலும் அடிப்படைக் காரணம் அந்த வாடகைச் சட்டம். உள்ளே ஆள் இருக்கும் வரை இடித்துவிட்டு உயரமாகக் கட்டுவது லாபமில்லை. மூன்று குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டு, ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைத்துக்கொண்டு, போகாமல் இருந்தார்கள். அவர்கள் போகாததால் நகரம் நின்றது. யுனெஸ்கோ கௌரவித்த பழமையில் அந்த வாளிக்கும் பங்குண்டு. வீட்டுக்காரரின் இழந்த வாடகைக்கும் பங்குண்டு. இரண்டு பேருமே விலை கொடுத்திருக்கிறார்கள். பலனை எடுத்துக்கொண்டது பெரும்பாலும் மூன்றாவது ஆள்.

எனவே நான் கேட்பது உரிமைப் பங்கு அல்ல. குடியிருந்தவருக்குக் கதவின் விலையில் இத்தனை வெள்ளி என்று கணக்குப் போட முடியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஒன்றைப் படைப்பதில் கை கொடுத்தவரை அதன் கதையிலிருந்து நீக்குவது ஒரு தனி வகைத் தவறு. திருட்டு என்று அதைச் சொல்ல முடியாது. கையெழுத்தை அழிப்பது மாதிரி ஒன்று.

*

தீசியஸின் கப்பல் பற்றித் தத்துவ வகுப்பு போகாதவர்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பலகை பலகையாக மாற்றிக்கொண்டே வந்தால் அது அதே கப்பலா? தாமஸ் ஹாப்ஸ் 1655இல் இந்தப் புதிருக்கு ஒரு வாலைச் சேர்த்தார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து, அதே வரிசையில் பூட்டி இன்னொரு கப்பல் செய்தால், எது உண்மைக் கப்பல்?

ஜார்ஜ் டவுனில் இந்தக் கேள்வி வெறும் விளையாட்டு இல்லை. எங்கள் பழைய வீடு அதே சந்தில் அதே எண்ணோடு நிற்கிறது. உள்ளே படி புதிது, தரை புதிது, கதவு புதிது. பழைய கதவு எங்கோ ஒரு மேசை. இரண்டில் எது எங்கள் வீடு? ஹாப்ஸின் புதிரில் கப்பலோட்டிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மரத்தையும் வடிவத்தையும் வைத்தே சண்டை நடக்கிறது.

தமிழ் இங்கே கொஞ்சம் வேறு மாதிரி யோசிக்கிறது என்று எனக்குத் தோன்றும். இல் என்றால் வீடு, இல்லாள் அங்கிருந்துதான் வருகிறாள். மனையிலிருந்து மனைவி. குடி என்றால் குடும்பம், குலம், குடியிருப்பு எல்லாம். வாடகையைக்கூடக் குடிக்கூலி என்றோம். அதே மொழியில் வீட்டுக்காரர் என்றால் கணவர், சொத்துக்காரரும் அவரேதான் என்பதையும் மறைக்க வேண்டாம். மொழி புனிதமானது அல்ல. ஆனால் ஆள் இல்லாத வீட்டைச் சொல்ல நமக்குத் தனியாக 'பாழ்' என்ற சொல் தேவைப்படுகிறது. கதவுகள் எல்லாம் புதுப்பித்துப் பளபளவென்று இருந்தாலும் அந்தச் சொல் பொருந்தும்.

அம்மாவின் கூச்சத்துக்கு இப்போது ஒரு விளக்கம் கிடைக்கிறது. வீடு கட்டும்போது நிலை வைப்பதற்கு நல்ல நாள் பார்க்கிறோம். நிலைக்கு அடியில் நவதானியம், காசு. பொட்டு, மாவிலை. சுவருக்கு இந்த மரியாதை கிடையாது. ஏனென்றால் வருவதும் போவதும் வாசலில்தான். ஒரு கதவு என்பது யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்று ஒருவர் முடிவு செய்யும் இடம். வெளியேற்றப்பட்டவர்களின் கதவைப் படுக்கப்போட்டு அதன் மேல் கேக் வைப்பது அவருக்கு ஏன் உறுத்தியது என்று எனக்கு இப்போது புரிகிறது. அவர் வார்த்தையில் சொன்னால் அது வெறும் 'மரியாதை இல்லாதது'.

*

நாம் மட்டும் எப்போதும் பாதிக்கப்பட்ட பக்கத்தில் இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளவும் வழியில்லை.

காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் வரிசையாகச் சாத்தி வைத்திருப்பார்கள். பங்காளிகள் ஒரு வீட்டை வைத்துக் காப்பாற்ற முடியாமல் இடித்து விற்றவை. பார்த்தால் வயிறு எரியும். அந்தத் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. அதை வாங்கிய பணமும் பெரும்பகுதி பர்மாவிலும் மலாயாவிலும் நடந்த வட்டித் தொழிலில் வந்தது. பினாங்கு ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி வைத்திருந்தவர்களும் அந்த வலையில் ஒரு கண்ணி. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் கைமாறியது. அந்தப் பத்தாண்டின் முடிவில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் வசம் இருந்தது. காரைக்குடித் தூணுக்குப் பின்னால் செட்டியார் வீட்டு ஆச்சியின் இழப்பு மட்டுமா இருக்கிறது? ஐராவதிக் கழிமுகத்தில் நிலத்தை இழந்த ஒருவரும் இருக்கிறார்.

ஜார்ஜ் டவுனிலும் அப்படித்தான். ரஸ்கின் பழைய கட்டடங்கள் நம்முடையவை அல்ல, கட்டியவர்களுக்கும் வரப்போகும் தலைமுறைகளுக்கும் சொந்தம் என்றார். அழகான எண்ணம். லெபோ ஃபார்குவாரில் 1818இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகள். அது அவர்களுக்கா சொந்தமாக இருந்தது? ரஸ்கினின் கணக்கில் இறந்தவர்கள் இருக்கிறார்கள், பிறக்காதவர்கள் இருக்கிறார்கள். இப்போது உள்ளே குடியிருப்பவர் மட்டும் காணோம்.

ஒவ்வொரு துண்டுக்குப் பின்னாலும் இன்னொரு துயரம், அதற்குப் பின்னால் இன்னொன்று என்று போனால் கடைசியில் 'எல்லாரும் குற்றவாளிகள்தான், விடு' என்ற இடத்துக்கு வந்துவிடுவோம். அந்த இடம் சௌகரியமானது. அதனால்தான் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

*

வேறொரு வழியை ஒரு கல்வெட்டுச் செய்தியில் பார்த்தேன். பத்தாம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவி பல பழைய செங்கல் கோயில்களை எடுத்துவிட்டுக் கருங்கல்லில் கட்டினார். திருக்கோடிகாவல் அவற்றில் ஒன்று. பழைய கோயிலில் கொடையைக் குறித்த கல்வெட்டுகள் அங்குமிங்கும் கிடந்தன. அவற்றைத் தூக்கிப் போடவில்லை. புதுச் சுவரில் மறுபடி வெட்டச் செய்து, இது ஒரு பழைய கல்லின் படி என்ற குறிப்பையும் சேர்த்தார்கள். முன்னாள் ஒருவர் ஒரு விளக்குக்கு ஆடு கொடுத்திருக்கிறார். அவர் வைத்த கல் போய்விட்டது. அவர் கொடுத்தது போகவில்லை.

அரசிக்கு அதில் லாபம் எதுவும் இல்லை. தன் பெயரை மட்டும் பொறித்திருக்கலாம். பிற்காலத் திருப்பணிகள் பலவற்றில் கல்வெட்டைத் தலைகீழாக வைத்துப் பூசியிருக்கிறார்கள், படிக்கட்டாகப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கற்களும் ஒருவகையில் 'காப்பாற்றப்பட்டவை'தான். விறகாகவில்லை, ஜல்லியாகவில்லை. ஆனால் எதைக் காப்பாற்றினோம் என்று தெரியாமலே காப்பாற்றியது.

இங்கே இரண்டு கடமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒன்று, பொருள் கழற்றப்படும் முன் வருவது: உள்ளே இருக்கும் மனிதருக்கு. இன்னொன்று, கழற்றப்பட்ட பின் வருவது: பொருளுக்கும் அதன் நினைவுக்கும். கஃபே முதலாளி இரண்டாவதில் பாதியைச் செய்திருக்கிறார், கதவைக் காப்பாற்றினார். அதற்காக அவரைத் திட்ட எனக்கு வாய் வராது. மிச்சப் பாதி, அது எந்தச் சந்தின் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டு ஒரு வரி எழுதி வைப்பது. விற்பவரிடம் அதைக் கேட்டாலே போதும், அந்த வியாபாரத்தின் குணம் கொஞ்சம் மாறும். எங்கிருந்து எடுத்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தால், கதவுக்காகவே ஒரு வீட்டை உடைப்பது சிரமமாகும்.

ஆனால் இரண்டாவது கடமையை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அது முதலாவதற்கு ஈடாகாது. இதில்தான் நகரங்கள் தங்களை ஏமாற்றிக்கொள்கின்றன. அழகாகக் காப்பாற்றப்பட்ட கதவைக் காட்டி, அதன் பின்னால் இருந்தவர்களை என்ன செய்தோம் என்ற கேள்வியை மூடிவிடலாம். விறகாகப் போயிருக்கும் என்ற பதில் கதவைப் பொறுத்தவரை சரி. எங்களைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

பழைய கட்டடக்காரர்களிடம் கற்றுக்கொள்ள இன்னொன்றும் இருக்கிறது. சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது. தட்டினால் உதிர்ந்துவிடும், செங்கல் முழுதாகக் கையில் வரும். சிமெண்டு செங்கல்லைவிடக் கெட்டி. பிரிக்கப் போனால் செங்கல்தான் உடையும். பெங்ஹுலுவின் வீட்டைக் கழற்றிப் பூட்ட முடிந்தது. எங்கள் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியை ஒருநாள் இடித்தால் கப்பிக் குவியல் தவிர எதுவும் மிஞ்சாது. கழற்றக்கூடியதாகக் கட்டுவதில் ஒரு பணிவு இருக்கிறது. எனக்குப் பிறகும் ஒருவருக்கு இது தேவைப்படும் என்று கட்டியவன் நினைத்திருக்கிறான். நாம் கட்டும் வீடுகளில் அந்த நினைப்பே இல்லை.

*

கடைசியாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1999 டிசம்பரில் நாங்கள் வீட்டைக் காலி செய்த அன்று அப்பா திருகாணிக் கருவியை எடுத்து எங்கள் பச்சைக் கதவின் பித்தளைத் தாழ்ப்பாளைக் கழற்றினார். சட்டப்படி அது வீட்டுக்காரருடையது. அதாவது திருட்டு. எனக்குப் பதினோரு வயது, விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தத் தாழ்ப்பாள் இன்றும் அம்மாவின் அலமாரி டிராயரில், பாஸ்போர்ட்டுகளுக்குக் கீழே கிடக்கிறது. எந்தக் கதவிலும் அது பொருந்தாது. எங்கள் கதவு எங்கேயாவது மேசையாகக் கிடந்தால் அதிலும் நாலு ஓட்டை இருக்கும்.

கஃபேயிலிருந்து வந்த அன்று இரவு அம்மாவிடம் கேட்டேன். "அந்தத் தாழ்ப்பாள எடுத்தது தப்பில்லையாம்மா?"

"தப்புதான்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா அது எந்த வீட்டுதுன்னு எனக்குத் தெரியும்ல" என்றார்.